மூன்றாவது பத்தி

"இதை எழுதினவன் கையை முறிக்கணும் பாய்!" பேப்பரை இரண்டாகக் கிழித்துத் தையல் மிஷின் மேல் எறிந்தார் வெயிலுமுத்து.

முகைதீன் பாய் பதறிப்போனார். "அரே, என்னவே இது! தலையங்கத்தைப் போய்க் கிழிக்கீரு? அதைப் படிச்ச பெறவுதான் ஃபார்ம்ல கையெழுத்துப் போடலாம்னே முடிவு பண்ணேன்."

தாராவிச் சந்தில் பாயின் தோல்பைப் பட்டறைக்கு இருபத்தெட்டு வயது. சந்தை இடித்துப் புதுக் கட்டடம் கட்டப்போகிற கம்பெனி ஆள் பதினொரு மணிக்குச் சம்மத ஃபார்மை வாங்க வருகிறான். கையெழுத்து விழுந்தால் பட்டறை போச்சு.

"போடாதீங்க பாய். ஃபார்ம்ல வீட்டுக்குத்தான் இடம். பட்டறைக்குன்னு ஒரு வரி இருக்கா?"

"அதான் பேப்பர்லயே போட்டிருக்கே, தொழிலுக்கும் இடம் உண்டுன்னு."

"எங்க போட்டிருக்கு? 'தற்காலிக இடமாற்றம், நிரந்தர முன்னேற்றம்.' மூணாவது பத்தி. எங்க மாத்துவான், எப்பத் திரும்ப விடுவான்? அதெல்லாம் இருக்கா?" கிழிந்த பேப்பரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கடகடவென்று ஒப்பித்தார் வெயிலுமுத்து.

"அதுக்கடுத்த வரியப் பாத்தீரா? 'எதிர்ப்பவர்கள் தம் பிள்ளைகளின் எதிர்காலத்தையே எதிர்க்கிறார்கள்.' படிச்சதும் எம்மவ ஆஸியா மொகந்தான் வந்துச்சு வே. கண்ணு கலங்கிட்டு."

வெயிலுமுத்து தலையில் அடித்துக்கொண்டார். கையெழுத்துப் போடாதீர்கள் என்று காலையிலிருந்து சந்தில் நாலு வீடு ஏறி இறங்கியாயிற்று. நாலு பேரும் இதே வரியைச் சொல்லித்தான் விரட்டினார்கள். கிங்ஸ் சர்க்கிள் பக்கம் ஏதோ ஆபீசில் டைப் அடிக்கிற மனுஷன் இவர், பேப்பர்காரனைவிட இவருக்கு என்ன தெரியும் என்று முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டார்கள். சே, என்ன ஜனங்கள்!

பாய் பேனா மூடியைக் கழற்றினார்.

"பாய், பாய்!" வெயிலுமுத்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "அதை எழுதினதே நாந்தான். தலையங்கத்துக்குப் பேர் போட மாட்டாங்க. மூணு வருசமா நாந்தான் எழுதுதேன். 'காலி பண்ணு'ன்னு எழுதினா ஜனங்க சண்டைக்கு வருவாங்க, பதமா எழுதும்னு பேப்பர் மொதலாளி சொன்னாரு. 'இடமாற்றம்'னு போட்டேன். நம்பாதீங்க பாய், அம்புட்டும் என் கைவேலை!"

பாய் அவரை மேலும் கீழும் பார்த்தார். கையை விடுவித்துக்கொண்டு, நிதானமாகக் கையெழுத்தைப் போட்டு முடித்தார். பிறகுதான் சிரித்தார்.

"சும்மா இரும்வே! தலையங்கம் எழுதுற ஆளு, நம்ம சந்துலயா குடியிருப்பாரு?"