ஒழுகாத கூரை

தோட்டத்து மூலையில் ஒரு தகரக் கொட்டகை. விடிந்தால் போதும், அங்கே கூரைக்குத் திட்டு விழும்.

"மழையே இல்ல. அப்பவும் ஒழுகுறியே, வெட்கமா இல்ல உனக்கு?" என்று கத்தும் மண்வெட்டி. அதன் முகமெல்லாம் துரு ஏறியிருந்தது.

கூரைக்குப் பற்றிக்கொண்டு வரும். அதன் உடம்பில் ஊசி நுழையும் துளைகூடக் கிடையாது.

"நான் ஒழுகலடா! பூவாளி தினமும் சொட்டச் சொட்ட வந்து உட்காருது. அந்த ஈரம்தான் ஆவியா மேல வந்து, ராத்திரிக் குளிர்ல என்மேல படிஞ்சு, தண்ணியா உன் தலையில விழுது. சுவத்து ஓட்டையில திணிச்ச சாக்கை எடுங்க. காத்து வந்தா எல்லாம் காஞ்சிடும்."

"என்னை எதுக்கு வம்புக்கு இழுக்கிற?" என்று சீறியது பூவாளி.

"அடைச்சு வச்சிருக்கும்போதே இந்த ஈரம். இதுல திறந்து வேற விடணுமாம்!" என்றது மண்வெட்டி.

அன்று பகலெல்லாம் கூரை ஆத்திரத்தில் தடதடவென்று ஆடியது. அந்த அதிர்வில் சாக்கு நழுவி வெளியே விழுந்ததைக் கூரை மட்டும்தான் கவனித்தது. கதவிடுக்கில் நுழைந்த காற்று, ஈரத்தையெல்லாம் வாரிக்கொண்டு ஓட்டை வழியாக வெளியேறியது.

மறுநாள் விடிந்தபோது ஒரு சொட்டுகூட விழவில்லை. மண்வெட்டி நிமிர்ந்து மேலே பார்த்தது. இப்போதாவது ஒரு நல்ல வார்த்தை வரும் என்று கூரை காத்திருந்தது.

"பார்த்தியா பூவாளி," என்றது மண்வெட்டி, "சிலதுக்கெல்லாம் நறுக்குனு நாலு வார்த்தை கேட்டாத்தான் உறைக்குது."