நான்காவது படம்

"வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்ப்போம். அதுக்கப்புறமும் நனைச்சான்னா டயப்பர் போட்டு அனுப்புங்க. இல்லேன்னா வீட்டிலேயே வச்சுக்குங்க" என்றார் ஹெட்மிஸ்ட்ரஸ்.

எட்டு வயசுப் பிள்ளைக்கு டயப்பர்! எனக்கு ரத்தம் தலைக்கேறியது.

என் மகன் ஃபானிஸுக்கு ஆட்டிசம். பேச்சு வராது. தானாகக் கழிவறைக்குப் போய்வரப் பழக்குவதற்கு, நான்கு படம் வரைந்து வீட்டுச் சுவரில் ஒட்டி, இரண்டு வருஷம் அவனோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். ஆறு வயசுக்கு அப்புறம் ஒரு சொட்டு சிந்தியதில்லை.

இப்போது மூன்று வாரமாகத் தினமும் ஈரக் கால்சட்டையோடு வருகிறான். அதுவும் பள்ளிக்கூடத்தில் மட்டும்தான். வீட்டில் ஒரு தொல்லையும் இல்லை.

டாக்டர் சிறுநீரைப் பரிசோதித்துவிட்டு ஒரு குறையும் இல்லை என்றார். மாமியார் தண்ணீரில் ஆலிவ் எண்ணெயைச் சொட்டவிட்டுக் கண்ணேறு கழித்தார், மூன்று தடவை துப்பவும் செய்தார். எதிர் ஃபிளாட்காரியோ, வெறுங்காலோடு சில்லென்ற தரையில் நடக்க விட்டால் இப்படித்தான் ஆகும் என்று என்னையே குறை சொன்னாள்.

நான் விடுவதாக இல்லை. வேலை பார்க்கிற மருந்துக்கடையில் லீவு சொல்லிவிட்டு, பள்ளிக்கூடத்து வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

என் சந்தேகமெல்லாம் துப்புரவு பார்க்கும் ஆர்கிரோமேல்தான்.

பெற்றோர் சங்கத் தலைவி நான். மூன்று வருஷம் நகராட்சியோடு சண்டை போட்டு, இந்த ஈஸ்டர் லீவில்தான் புதுக் குழாய், புதுக் கழிவறை எல்லாம் போட வைத்தேன். பளிங்கு மாதிரி இருந்தது. இந்த அம்மா மட்டும் பழைய அழுக்குப் பழக்கத்தை விடவில்லை. புகார் எழுதிக் கொடுத்து எச்சரிக்கை நோட்டீஸ் வாங்கிக் கொடுத்தேன். அந்த வன்மத்தை வாயில்லாப் பிள்ளைமேல் காட்டுகிறாளோ?

செவ்வாய்க்கிழமை ஃபானிஸ் பின்னாலேயே போய்க் கைகழுவும் இடத்தில் நின்று பார்த்தேன். நேரே கடைசிக் கதவுக்குப் போனான். சுருளிலிருந்து துடைக்கிற காகிதத்தைக் கிழித்து அழகாக மடித்துக்கொண்டான். பக்கத்தில் குனிந்து தரையைப் பார்த்தான். அப்புறம் காகிதத்தைக் கால்சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு அப்படியே திரும்பி வந்துவிட்டான். பத்தே நிமிஷத்தில் கால்சட்டை நனைந்தது.

புதன்கிழமையும் அதே கதை. அந்தக் காகிதத்தைத் தினமும்தான் அவன் பையிலிருந்து எடுத்துப் போடுகிறேன், மூக்கு சிந்த வைத்திருக்கிறான் என்று நினைத்து.

வியாழக்கிழமை எனக்குப் பொறுக்கவில்லை. துடைப்பமும் வாளியுமாக வந்த ஆர்கிரோவை வழிமறித்தேன்.

"என் பிள்ளைய என்ன பண்ணி பயமுறுத்தினே?"

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். வாளியை வைத்துவிட்டுத் துடைப்பங்கள் வைக்கிற அலமாரியைத் திறந்து, கந்தல் துணிக்கு அடியிலிருந்து ஒரு நசுங்கிய டப்பாவை எடுத்தாள். காலால் மிதித்தால் மூடி திறக்கும் பழைய குப்பை டப்பா.

எங்கள் ஊரில் எந்தக் கழிவறையிலும் இருப்பதுதான். பழைய குழாயெல்லாம் குறுகல், காகிதத்தைப் போட்டால் அடைத்துக்கொள்ளும். அதனால் காகிதம் டப்பாவுக்குத்தான் போகும். என் வீட்டிலும் அப்படித்தான். பள்ளியில்தான் புதுக் குழாய் வந்துவிட்டதே, இந்த நாற்றம் பிடித்த டப்பா எதற்கு என்று எல்லாவற்றையும் தூக்கி எறியச் சொன்னோம்.

ஆர்கிரோ அதைக் கடைசிக் கதவுக்குள் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றாள்.

ஃபானிஸ் உள்ளே போனான். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் விழுகிற சத்தம். அப்புறம் 'டப்' என்று மூடி விழுகிற சத்தம். வெளியே வந்து கைகழுவிக்கொண்டு வகுப்புக்கு ஓடினான். கால்சட்டை காய்ந்தே இருந்தது.

என் வீட்டுச் சுவரில் நான்காவது படம் அதுதான். டப்பாவுக்குள் காகிதம் போடுகிற ஒரு கை. வரைந்து ஒட்டியவள் நானேதான். அதில்லாமல் அவன் எப்படி உட்காருவான்?

"ஈஸ்டர் முடிஞ்சு வந்த அன்னிக்கே தவிச்சுப்போய் நின்னான். அதான் அவனுக்காக ஒண்ணே ஒண்ணை எடுத்து அங்க வச்சிருந்தேன்" என்றாள் ஆர்கிரோ. "அதைத்தான் அழுக்குன்னு எழுதிக் குடுத்தீங்க."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா" என்றேன்.

"சங்க மீட்டிங்ல சொல்லத்தான் எந்திரிச்சேனே. உங்கிட்ட யாரும் கருத்து கேக்கல, உக்காருன்னீங்க." வாளியைத் தூக்கிக்கொண்டாள். "இன்னொரு நோட்டீஸ் வந்தா எனக்கு வேலை போயிடும். எழுதறதா இருந்தா வெள்ளிக்கிழமை தாண்டி எழுதுங்கம்மா. பையனாவது தப்பிச்சுக்குவான்."

நான் எழுதிக் கொடுத்த புகாரை நானே கிழித்துப்போட ஹெட்மிஸ்ட்ரஸ் அறைக்கு நடந்தேன்.

பேச வராத பிள்ளை ஒரு வார்த்தை சொல்லிவிட மாட்டானா என்று மூன்று வாரமாக அழுதிருக்கிறேன். சொல்ல எழுந்தவளை உட்கார வைத்தது நான்.