இலை லாரி வருவதற்குள் ஒரு குதி

ஒஹையோவில் அக்டோபர் வெயில் மூன்றரை மணிக்கே சாய்ந்து, கொரினின் அக்கா வீட்டுப் புல்தரையில் மஞ்சளாகக் கிடக்கிறது. நாலு மணிக்கு நகராட்சியின் இலை லாரி வரும். அதற்குள் மேப்பிள் சருகையெல்லாம் சாலையோரம் சேர்க்காவிட்டால் இன்னும் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டும். இருபத்திரண்டு வயது கொரின் நீளப் பிடி போட்ட இலைவாரியால் இழுத்து இழுத்துக் குவிக்கிறாள். போன வருஷம் வரை குவியலில் முதல் குதி அவளுடையது. இந்த வருஷம் வேலைக்குப் போகிறாளாம், இனி பெரியவங்க கணக்காம். அக்கா பிள்ளைகள் வாரியைக் கையில் கொடுத்துவிட்டார்கள்.

"ஒரே ஒரு தடவை குதிச்சுக்கறேன்டா, எமெட்." எட்டு வயதுக்காரன் பழம் தின்று கொட்டை போட்ட தரகனைப்போல உதட்டைப் பிதுக்குகிறான். "பெரியவங்க குதிச்சா நசுங்கிடும், சித்தி. வேலி உசரத்துக்குக் குவிச்சுக் குடு, யோசிக்கிறேன்." "யோசிக்க மாட்டான், ஏமாத்துவான்," என்கிறாள் அவன் தங்கை ஹேட்டி, தலைமுடியில் சிக்கிய குச்சியோடு. கொரின் குவிக்கிறாள். குவியல் சாலையோரம் போகாமல் புல்தரையிலேயே வேலி உசரத்தைத் தொடுகிறது. எமெட் இன்னும் யோசிக்கிறான்.

தெருமுனையில் லாரி உறுமுகிறது. கொரின் வாரியைப் போட்டுவிட்டு ஓடிப்போய்க் குதிக்கிறாள். சருகு நொறுங்குகிறது, உள்ளே ஈரமண் வாசம், சிவப்பு இருட்டு. உறுமல் நெருங்கி, கடந்து, தேய்கிறது.

"லாரி போயிடுச்சு, சித்தி!"

"போகட்டும். ரெண்டு வாரத்துக்கு இது நம்மளுது."

"அம்மாகிட்ட நீதான் சொல்லணும்," என்கிறான் எமெட், குவியலுக்குள் ஒரு காலை விட்டபடி. "சரி, தள்ளிப் படு."