சீட்டில் எழுதிய பெரிய பேர்

மூன்று மாதமாகக் கால் மரத்துப்போய் மனைவி கெர்ட்ரூட் அடிக்கடி தடுக்கி விழுகிறாள். ரபேலுக்கோ ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. தங்கள் ஊரான கிள்ளானில் நான்கு கிளினிக் ஏறி இறங்கியாயிற்று. "பேரே இல்லாத வியாதியா?" என்று பார்க்கிற டாக்டரிடமெல்லாம் பாய்ந்தார்.

அதனால் இன்று பிரிக்பீல்ட்ஸில் ஒரு ஸ்பெஷலிஸ்டிடம் வந்தபோது, கணவரை வெளியே நிறுத்திவிட்டு அவள் மட்டும் உள்ளே போனாள். வரும்போது ஒரே சிரிப்பு.

"பேர் கிடைச்சிருச்சுங்க! பாருங்க."

சீட்டில் 'இடியோபதிக் நியூரோபதி' என்றிருந்தது.

ரபேல் அதை இரண்டு முறை படித்தார். மருத்துவமனைப் பதிவறையில் முப்பது வருடம் தட்டச்சு செய்தவர் அவர். நியூரோபதி, நரம்புக் கோளாறு. இடியோபதிக், கிரேக்கச் சொல். 'தனக்கே உரிய நோய்' என்பது அதன் மூலப்பொருள். காரணம் தெரியவில்லை என்பதைத்தான் டாக்டர்கள் அப்படி எழுதுவார்கள்.

அவளுடைய சிரிப்பைப் பார்த்தார்.

"இதுவா? எத்தனை பைல்ல அடிச்சிருக்கேன்! பயப்பட ஒண்ணுமில்ல லா."

காரை எடுத்து வாசலில் நிறுத்திவிட்டு அவளை அழைக்க வந்தார். அவள் முதுகைக் காட்டியபடி மகளிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"காரணம் தெரியலன்னு டாக்டர் நேராவே சொல்லிட்டாரு, செரீனா. அப்பா தாங்க மாட்டாரு, ஏதாச்சும் பெரிய பேரா எழுதிக் குடுங்கன்னு நான்தான் கேட்டேன். முப்பது வருசம் டைப் அடிச்சாரே தவிர, அவருக்கு அர்த்தமெல்லாம் தெரியாது."

ரபேல் நாலடி பின்னால் போய், பலமாக இருமிக்கொண்டே மறுபடி வந்தார்.

"வா, கெர்ட்ரூட். பேர் தெரிஞ்ச பிறகுதான் எனக்குப் பசியே எடுக்குது."