புதன்கிழமைப் பொலிஸ்காரர்

வகுப்புக் கதவைத் தட்டியவர் பொலிஸ்காரர் பிரிங்மன்.

கணக்குப் பாடம் நின்றது. கடைசி வரிசையில் யாரோ சிகரெட் பெட்டியைச் சப்பாத்துக்குள் தள்ளினார்கள்.

புதன்கிழமைதோறும் அவர் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வருவார். சண்டை பிடிக்காதே, சைக்கிளுக்கு விளக்குப் பூட்டு என்று சொல்லுவார். ஸ்டேஷனில் வேலை இல்லாமல்தான் இங்கே வருகிறார் என்று பையன்கள் பகிடி பண்ணுவார்கள். பெண்பிள்ளைகளுக்கு அவரைப் பிடிக்கும்.

தமிழ்ப் பிள்ளைகள் எங்கள் மூன்று பேருக்கு மட்டும் கதை வேறு. அகதிகளாக வந்த எங்களிடம் இருந்தது, இந்த நாட்டில் தங்குவதற்கு மூன்று மாதத்துக்கு ஒருதரம் புதுப்பிக்கிற கடதாசி. எந்த நேரமும் பிடித்து விமானத்தில் ஏற்றலாம். பொலிஸைக் கண்டால் கழிப்பறைக்குள் போய் நில் என்று வீட்டில் சொல்லித்தான் அனுப்புவார்கள்.

கவிஷனும் நிருபமாவும் ஓடுவார்கள். நான் ஓடமாட்டேன். அவர் கண்ணில் படும்படி முற்றத்தின் நடுவில் போய் நிற்பேன்.

இரண்டு வருடங்களுக்கு முன் அப்பாவை அப்படித்தான் பிடித்து ஊருக்கு அனுப்பினார்கள். அவருடைய அகதி வழக்கு வேறு, எங்களுடையது வேறு. நான் பள்ளிக்கூடத்தில் இருந்த நேரம் பொலிஸ் வீட்டுக்கு வந்திருக்கிறது. இப்போது அவர் கொழும்பில் ஒரு லொட்ஜில் இருக்கிறார். தொலைபேசியில் குரல் வரும். முகம் எனக்கு மறந்துகொண்டு வந்தது.

பிரிங்மன் என்னையும் பிடித்து அனுப்பமாட்டாரா என்று ஏங்கினேன். அவரோ கையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும்.

அன்று அவர் வாசலில் நின்று என் பெயரைச் சொன்னார். கஜந்தி என்பது அவருடைய வாயில் வராமல் இழுபட்டது.

பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தேன். கால் நிலத்தில் படவில்லை. கவிஷன் முகம் வெளிறி என்னைப் பார்த்தான்.

அவருக்குப் பின்னால் அம்மா நின்றார். பொலிஸைக் கண்டால் தெருவின் மறுபக்கம் மாறுகிற அம்மா, என் வகுப்பு எதுவென்று அவரிடமே கேட்டுக்கொண்டு வந்திருக்கிறார். அப்படியென்றால் அம்மாவையும் அனுப்பப் போகிறார்கள். அப்பாவோடு நாங்கள் மூன்று பேரும் ஒன்றாக இருக்கப்போகிறோம்.

அம்மா ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தார்.

“விசா தந்திட்டாங்கள் பிள்ளை. இனி எங்களை ஒருத்தராலயும் அனுப்ப ஏலாது.”

அம்மா அழுதார். நானும் விம்மி விம்மி அழுதேன்.

‘விசா’ என்ற சொல் விளங்கிய பிரிங்மன்தான் முதலில் கை தட்டினார். பிறகு வகுப்பு முழுவதும் தட்டியது.