இரும்பு ஏறிய டிஸ்க்

மேற்குச் சன்னலின் வெயில், அறுவைச் சிகிச்சைக்கென்று செய்த எவர்சில்வர் மேசையின்மீது வழிந்து பட்டறையில் எல்லார் கண்ணையும் கூசச் செய்கிறது. ஒரு விளிம்புக்கு மட்டுமே பாலிஷ் பாக்கி. வாசலில் மேசையை ஏற்றிப்போக வந்த மருத்துவமனை வண்டி ஆரனை அடித்துக்கொண்டே இருக்கிறது. மேஸ்திரி நீட்டிய தேய்ப்பு டிஸ்க்கை வாங்கிய பாலிஷ்காரி, அதைக் கிரைண்டரில் மாட்டாமல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கிறாள்.

"காலையில இரும்புக் கேட்டுக்கு ஓட்டினதுதானே இது? இத வச்சா இதுல இருக்கிற இரும்புத்தூள் ஏறி ஒரே வாரத்துல மேசை துருப்பிடிச்சிடும்."

"புதுசு மாதிரிதாம்மா இருக்கு. உன் கண்ணுக்கு மட்டும் இரும்பு தெரியுதாக்கும்!"

அவள் ஒரு காந்தத்தை எடுத்து டிஸ்க்கின் சொரசொரப்பில் தடவுகிறாள். கரிய துகள்கள் காந்தத்தில் ஒட்டிச் சிலிர்த்து நிற்கின்றன.

"பாருங்க மேஸ்திரி, உங்க மீசையவிட அடர்த்தி."

பக்கத்தில் நிற்கும் வெல்டர் சிரிப்பை அடக்க இருமுகிறான். மேஸ்திரியின் முகம் சிவக்கிறது.

"இருக்கிறது இது ஒண்ணுதான். மாட்டு. இல்லேன்னா நாளையிலேருந்து வேலைக்கு வராதே."

ஆரன் மீண்டும் அலறுகிறது. அவள் கையுறைகளை இழுத்து மாட்டிக்கொள்வதைக் கண்டு மேஸ்திரி ஆறுதலாக மூச்சு விடுகிறார். அவளோ டிஸ்க்கை முழங்காலில் வைத்து, இரு கைகளாலும் அழுத்துகிறாள். அது படீரென்று ஒடிகிறது.

"இப்ப கடைக்கு ஆள் அனுப்பித்தானே ஆகணும்? நூத்திருபதாம் நம்பர் டிஸ்க். எவர்சில்வருக்குன்னு சொல்லி வாங்கச் சொல்லுங்க."