கவிழ்த்து வைத்த தம்ளர்

அடுக்குமாடிக் குடியிருப்பின் பொது அறையில் நடந்த அறிவியல் பேச்சுக்கு, முகத்தை நன்றாக அலம்பிக்கொண்டுதான் போனாள் குமுதவல்லி. “யாராவது முன்னாடி வர்றீங்களா?” என்று பேச வந்த பெண் கேட்டதும் முதல் ஆளாக எழுந்தவளும் அவள்தான். அவ்வளவு பெருமை அந்த முகத்தின்மேல். மூக்கோரம் டேப்பை ஒட்டி உரித்து நுண்ணோக்கியில் வைத்தார்கள். திரையில் குட்டைக் கால்களோடு புழு மாதிரி ஒன்று நெளிந்தது.

“சீ! இது என்னோடது இல்ல.”

“கண்ணுக்குத் தெரியாத உண்ணி இது, எல்லார் முகத்துலயும் இருக்கும்மா. பொறக்கும்போது கிடையாது. கைக்குழந்தையில யாரு கன்னத்தோட கன்னம் வச்சுக் கொஞ்சினாங்களோ, பெரும்பாலும் அவங்ககிட்டேர்ந்துதான் வரும். அப்புறம் நம்மகிட்டயே முட்டை போட்டுப் பெருகிடும்.”

கூட்டம் சிரித்தது. குமுதவல்லிக்கு அஞ்சலையின் கன்னம் நினைவுக்கு வந்தது. பெற்றவள் படுத்த படுக்கையாகக் கிடக்க, கைக்குழந்தையாக இருந்த குமுதவல்லியைத் தூக்கி வளர்த்தவள் வீட்டு வேலைக்கு வந்த அஞ்சலை. கொல்லைப்புறமாக வந்து, கொட்டாங்கச்சியில் காப்பி வாங்கிக் குடித்துவிட்டுப் போவாள். பிள்ளையைத் தொடலாம், பாத்திரத்தைத் தொடக்கூடாது என்பது அந்த வீட்டு வழக்கம்.

வீட்டுக்கு வந்ததும் பாத்திரம் தேய்க்கிற நாரை எடுத்து முகத்தைத் தேய்த்தாள். எரிந்தது. மறுபடியும் தேய்த்தாள்.

“என்னம்மா, மூஞ்செல்லாம் செவந்து கெடக்கு?” என்றபடி வேலைக்கு வந்த பவுனு, சிங்க்குக்கு அடியில் தனியாகக் கவிழ்த்து வைத்திருந்த தம்ளரை எடுத்து நீட்டினாள். விளிம்பில் பட்டுவிடாமல், எப்போதும்போல உயரத்திலிருந்து காப்பியை ஊற்றினாள் குமுதவல்லி. கன்னத்தில் ஏதோ ஊர்ந்தது. துடைக்கப்போன இடது கை கன்னத்திலேயே நின்றுவிட்டது.

“போதும்மா,” என்றாள் பவுனு. “வழியுது.”